நாடி 120, மூச்சோ முட்டியது: ஒரு படியேறும் சோதனையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

உடற்பயிற்சி ஆலோசனைக்காக ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். கணவருக்கு 54 வயது, எடை 78 கிலோ. மனைவிக்கு 49 வயது, 66 கிலோ. இருவருக்கும் நாள் முழுவதும் உட்கார்ந்து செய்யும் வேலை. முறையான உடற்பயிற்சி என்று எதையும் இருவரும் பல வருடங்களாகச் செய்ததில்லை. நடந்ததை எழுத இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் கேட்டது எளிமையானது. "எங்கள் தாக்குப்பிடிக்கும் திறன் இப்போது எவ்வளவு என்று ஒரு எண்ணாகச் சொல்லிவிடுங்கள் சார். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்துக்கொள்கிறோம்" என்றார் கணவர்.

அந்த எண்ணுக்கு விஓ2 மேக்ஸ் என்று பெயர். கடுமையாக உழைக்கும்போது உடல் ஒரு நிமிடத்தில், ஒரு கிலோ எடைக்கு, அதிகபட்சம் எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதன் அளவு அது. உண்மையில் அளக்க வேண்டுமானால் முகமூடி மாட்டி, வெளிவிடும் காற்றைக் கருவியில் பகுத்து, ஆள் இனி முடியாது என்று நிற்கும் வரை ஓடவிட வேண்டும். அந்த வசதி என்னிடம் இல்லை. என்னைப் போன்றவர்கள் எளிய சோதனைகளைக் கொண்டு மதிப்பிடுகிறோம். அப்படிச் சொல்லும்போது 'மதிப்பிடுகிறோம்' என்ற சொல்லை வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு, எண்ணை மட்டும் உரக்கச் சொல்லிவிடும் பழக்கம் எனக்கு இருந்தது.

எந்தச் சோதனை, ஏன்

மூன்று வழிகள் இருந்தன. கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்ட 12 நிமிட ஓட்டம் ஒன்று. 12 நிமிடத்தில் கடக்கும் தூரத்தைக் கொண்டு கணக்கிடுவது. அதில் முழு மூச்சோடு ஓட வேண்டும். பழக்கமில்லாத ஐம்பது வயதுக்காரரை முதல் நாளே அப்படி ஓடவிடக் கூடாது என்று ஒதுக்கினேன். அந்த முடிவில் இப்போதும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இரண்டாவது, 1987இல் வந்த ராக்போர்ட் ஒரு மைல் நடை. அதற்கு 1,609 மீட்டர் அளந்த சமதரை வேண்டும். அன்று கையில் இருந்தது ஓர் அறை மட்டுமே.

மூன்றாவது, குயின்ஸ் கல்லூரிப் படியேறும் சோதனை. 41.3 சென்டிமீட்டர் உயரப் பலகை, 'டிக் டிக்' என்று தாளம் தரும் மெட்ரோனோம், ஸ்டாப்வாட்ச், மூன்று நிமிடம். இதைத் தேர்ந்தெடுத்தேன். வசதி என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. 1972இல் அந்தச் சோதனை உருவானது கல்லூரி வயதுப் பெண்களை வைத்து. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் 54 வயதுக்காரரைப் பலகையில் ஏற்றினேன்.

அதற்கு முன் வழக்கமான படிவம். "ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் ஏதேனும் உண்டா?" என்ற கேள்விக்கு இருவருமே 'இல்லை' என்று குறித்தார்கள். மூன்று மணி நேரத்துக்குள் காபி, தேநீர் குடித்தீர்களா, புகைத்தீர்களா, நேற்றிரவு நன்றாகத் தூங்கினீர்களா, காய்ச்சல் இருந்ததா என்றெல்லாம் வாய்மொழியாகக் கேட்டேன். நாடியை ஏற்றிவிடும் சங்கதிகளை ஒன்றுவிடாமல் விசாரித்திருக்கிறேன். இறக்கிவிடும் சங்கதி ஒன்றையும் கேட்கவில்லை.

ஓய்வில் மனைவியின் நாடி 76. கணவருடையது 58. 'ஓட்டக்காரர் நாடி' என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன். எந்த ஓட்டமும் ஓடாத ஒருவருக்கு அது எப்படி வந்தது என்று யோசிக்கவில்லை.

முதல் நாள்: கண்ணில் பட்டவை

பெண்களுக்கு நிமிடத்துக்கு 22 முறை ஏறி இறங்க வேண்டும், ஆண்களுக்கு 24 முறை. ஒரு முறைக்கு நான்கு காலடி என்பதால் மெட்ரோனோம் தாளம் நிமிடத்துக்கு முறையே 88, 96. மூன்று நிமிடம் முடிந்ததும் நின்றபடியே, ஐந்தாவது நொடியிலிருந்து இருபதாவது நொடி வரை நாடியை எண்ணி நான்கால் பெருக்க வேண்டும்.

முதலில் மனைவி. தாளம் தவறாமல் ஏறி இறங்கினார். முகம் சிவந்தது. முடித்த கையோடு, "இவ்வளவுதானா?" என்று கேட்டார். பதினைந்து நொடியில் 41 துடிப்பு, நிமிடத்துக்கு 164.

அடுத்து கணவர். முதல் நிமிடம் ஒழுங்காகப் போனது. இரண்டாவது நிமிடத்தின் முடிவில் பலகைமேல் நிமிர்ந்து நிற்பதை விட்டுவிட்டார். முழங்கால் மடங்கிய நிலையிலேயே மேலே காலை வைத்து, அப்படியே இறங்கினார். கடைசி அரை நிமிடம் மெட்ரோனோம் ஒரு பக்கம், அவர் கால் ஒரு பக்கம். நான் நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்ததும் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஏதோ கேட்டதற்கு மறு கையை விரித்து 'இருங்கள்' என்று காட்டினார். அந்தக் கையின் மணிக்கட்டைத்தான் பிடித்து எண்ணினேன். 30 துடிப்பு, நிமிடத்துக்கு 120.

ஆண்களுக்கான சூத்திரம்: 111.33இலிருந்து, நாடியை 0.42ஆல் பெருக்கி வருவதைக் கழிக்க வேண்டும். அவருக்கு 60.9 வந்தது. பெண்களுக்கு 65.81இலிருந்து, நாடியை 0.1847ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். அவருடைய மனைவிக்கு 35.5.

60.9 என்பது நெடுந்தூர ஓட்டப் பயிற்சியில் ஊறிய இளைஞர்களுக்கு வரக்கூடிய எண். அட்டையில் அதை எழுதி, பக்கத்தில் 'மிகச் சிறப்பு' என்றும் எழுதினேன். மனைவி அட்டையை வாங்கிப் பார்த்தார். "இரண்டாவது மாடிக்குப் போவதற்குள் நடுவில் நின்றுவிடுவார் சார். இவருக்கு 60, எனக்கு 35 என்றால் நான் எந்த மாடியிலும் ஏறவே கூடாதே" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். "பழக்கம் இல்லாததால் மூச்சு வாங்குகிறது, இதயம் நன்றாக வேலை செய்கிறது" என்று விளக்கமும் கொடுத்தேன். அன்று அந்த அறையில் சரியாகக் கணித்தவர் அந்த அம்மாள் ஒருவர்தான்.

அந்த எண்ணை வைத்து எடுத்த முடிவு

பயிற்சியின் கடுமையை நாடியை வைத்துத்தான் நிர்ணயித்தேன். உச்ச நாடியின் தோராயக் கணக்காக, 220இலிருந்து வயதைக் கழித்தால் 166. ஓய்வு நாடி 58. இடைவெளி 108. அதில் 60 முதல் 70 விழுக்காட்டை 58உடன் கூட்டினால் நிமிடத்துக்கு 123 முதல் 134. இத்தனை நல்ல மதிப்பெண் வாங்கியவருக்கு இதுவே மிதமானது என்று நினைத்தேன். வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம், விரைவு நடையும் மெல்லோட்டமும். மணிக்கட்டில் நாடி காட்டும் கடிகாரம் ஒன்று அவரிடம் இருந்தது.

மனைவிக்கு அதே முறையில் வேறு எண்கள். அவர் கதையில் சொல்ல அதிகமில்லை, நன்றாகவே போனது.

இரண்டு வாரம்

நான்காம் நாள் தொலைபேசியில் பேசினார். "123 வரவே மாட்டேன் என்கிறது சார். ஓடினாலும் 115, 116இல் நின்றுவிடுகிறது" என்றார். கடிகாரப் பட்டையை இறுக்கிக் கட்டச் சொன்னேன்.

எட்டாம் நாள், பயிற்சி முடித்துக் குனிந்து காலணியை அவிழ்க்கும்போது தலை சுற்றியதாகச் சொன்னார். போதுமான தண்ணீர் குடிக்கிறாரா என்று கேட்டேன். பத்தாம் நாளுக்குப் பிறகு, காலையில் பயிற்சி செய்தால் மாலை வரை உடம்பு அசதியாகவே இருப்பதாக மனைவி சொன்னார். இலக்கை எட்டாமல் விடக் கூடாது என்று மனிதர் ஒவ்வொரு நாளும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். சொன்னதைச் செய்பவர்கள் விஷயத்தில் நாம்தான் இரு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

இரண்டாம் வார முடிவில் நேரில் வரச் சொன்னேன். கடிகாரம் பழுது என்பதுதான் அப்போதும் என் எண்ணம். அவரை மெல்லோட்டம் ஓடவிட்டு, நிறுத்தி, கையால் எண்ணினேன். 116. கடிகாரமும் 116 காட்டியது. ஆனால் எதிரே நின்றவருக்கு மூன்று சொல் சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. 6இலிருந்து 20 வரை போகும் போர்க் அளவுகோல் அட்டையைக் காட்டி, எவ்வளவு சிரமமாக இருந்தது என்று கேட்டேன். 17ஐத் தொட்டார். 'மிகக் கடினம்' என்பதற்கான எண் அது.

116க்கு 17 என்பது பொருந்தாத ஜோடி. அப்போதுதான் கேட்டேன்: "தினமும் ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா?"

"பிரஷர் மாத்திரைதான் சார், ஆறு வருடமாக" என்று சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். அட்டெனலால் 50 மில்லிகிராம்.

படிவத்தில் 'இல்லை' என்று குறித்தது ஏன் என்று கேட்டேன். "மாத்திரை போடுவதால் இப்போது பிரஷர் இல்லையே சார். போன மாதம் பார்த்தபோதுகூட நார்மல் என்றார்களே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. என் கேள்விக்கு அவரளவில் சரியான பதிலையே எழுதியிருக்கிறார்.

கணக்கு எங்கே தவறியது

படியேறும் சோதனை ஆக்சிஜனை அளப்பதில்லை, நாடியை அளக்கிறது. இரண்டுக்கும் இடையே ஒரு பாலம் இருப்பதாக நம்பித்தான் சூத்திரம் நிற்கிறது. வேலை கூடக் கூட ஆக்சிஜன் தேவை கூடும். அதே போக்கில் இதயத் துடிப்பும் கூடும். குறிப்பிட்ட வேலைக்குக் குறைவாகத் துடிக்கும் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தை அனுப்பும் இதயம். எனவே அதற்கு இன்னும் நிறைய மீதம் இருக்கிறது. இதுதான் வாதம்.

அட்டெனலால் பீட்டா பிளாக்கர் வகை மருந்து. அட்ரினலின் இதயத்தை விரட்டாதபடி தடுத்து, ஓய்விலும் உழைப்பிலும் துடிப்பைக் குறைக்கிறது. உச்சத் துடிப்பையும் கீழே இழுக்கிறது. மீதம் இருப்பதால் மெதுவாகத் துடிக்கும் இதயத்தையும், மருந்து பிடித்து வைத்திருப்பதால் மெதுவாகத் துடிக்கும் இதயத்தையும் சூத்திரத்தால் பிரித்துப் பார்க்க முடியாது.

இந்தச் சூத்திரத்தில் இன்னொரு வில்லங்கம் உண்டு. ஆண்களுக்கான கணக்கில் நாடி ஒன்றுதான் உள்ளீடு. வயது, எடை எதுவும் கிடையாது. நாடி 30 குறைந்தால் முடிவு 12.6 ஏறிவிடும். ஒரு மைல் நடையிலும் நாடி வருகிறது. ஆனால் நேரம், வயது, எடை, பாலினம் எல்லாம் கூடவே வருவதால், அதே 30 துடிப்புக்கு 4.7தான் மாறும். அந்த மாத்திரை போடுபவரிடம் இரண்டுமே தவறும். முதலாவது படுகுழியில் தள்ளும். இரண்டாவது தடுக்கி விழவைக்கும்.

சூத்திரத்தை விடுங்கள், சாதாரணக் கூட்டலே எனக்கு எச்சரிக்கை கொடுத்திருக்க வேண்டும். 41.3 சென்டிமீட்டர் பலகையில் நிமிடத்துக்கு 24 முறை ஏறி இறங்குவதற்கான ஆக்சிஜன் செலவை, அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் சமன்பாட்டில் போட்டால் கிலோவுக்குச் சுமார் 32 மில்லிலிட்டர் வருகிறது. 60.9 உள்ளவருக்கு அது பாதி வேலை. பாதி வேலை செய்தவர் சுவரைப் பிடிக்க மாட்டார்.

மருத்துவரிடம்

பயிற்சியை அன்றே நிறுத்தினேன். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது என்பதை இரண்டு முறை சொன்னேன். பீட்டா பிளாக்கரைத் திடீரென்று விட்டால் ரத்த அழுத்தமும் துடிப்பும் எகிறும். சோதனையில் வந்த எண்கள், தலைசுற்றல், 116க்கு 17 என்ற விவரம் எல்லாவற்றையும் ஒரு கடிதத்தில் எழுதி, அவருடைய மருத்துவருக்குக் கொடுத்தனுப்பினேன்.

மருத்துவர் ஈசிஜியுடன் டிரெட்மில் சோதனை செய்தார். புரூஸ் முறை: மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். மாத்திரையைப் போட்டுக்கொண்டே செய்யவைத்தார். பயிற்சியும் மாத்திரையோடுதானே நடக்கப்போகிறது. மூன்றாவது கட்டத்தில், எட்டு நிமிடத்தில், மூச்சிரைப்பால் நிறுத்தினார். ஈசிஜியில் கவலைப்படும்படி ஒன்றும் இல்லை. உச்ச நாடி 128. நின்ற நேரத்தை வைத்து மதிப்பிட்டால் விஓ2 மேக்ஸ் சுமார் 26.

அந்த 128ஐப் பார்த்தபோதுதான் எனக்கு வியர்த்தது. நான் கொடுத்த இலக்கு 123 முதல் 134. 'மிதமான பயிற்சி' என்ற பெயரில் ஒரு மனிதரை, வாரம் ஐந்து நாள், அவருடைய உச்சத்துக்கும் மேலே போகச் சொல்லியிருக்கிறேன். 116இல் அவர் நின்றதால் பிழைத்தோம்.

புதிய தொடக்கம்

மருத்துவர் அனுமதித்த பிறகு, அளந்த தரை ஒன்றில் ஒரு மைல் நடக்கவைத்தேன். 16 நிமிடம் 30 நொடி, முடிவில் நாடி 104. சூத்திரம் கொடுத்தது 34.9. மாத்திரையால் மிகையானது என்று தெரியும். சூத்திரத்துக்கே சுமார் 5 மில்லிலிட்டர் பிழை வரம்பும் உண்டு. இம்முறை அட்டையில் நேரத்தையும் நாடியையும் மருந்தின் பெயர், அளவு, போட்ட நேரம் ஆகியவற்றையும் எழுதினேன். 34.9ஐப் பென்சிலால் எழுதினேன். மனைவிக்கும் அதே சோதனை: 15 நிமிடம் 30 நொடி, நாடி 132, மதிப்பீடு 31.4. படிச் சோதனையின் 35.5உடன் ஒப்பிட்டால் நான்கு வித்தியாசம். எளிய சோதனைகளுக்குள் இந்த அளவு வேறுபாடு சகஜம். முதல் நாளே இருவருக்கும் ஒற்றை எண் கொடுத்தது தவறு, வரம்பாகக் கொடுத்திருக்க வேண்டும் என்பதை அந்த நான்கு எனக்கு நினைவூட்டியது.

பயிற்சியின் கடுமையை இனி நாடியில் வைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். டிரெட்மில் தந்த உச்ச நாடியைக் கொண்டு 86 முதல் 100 என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கலாம். அதையும் கொடுக்கவில்லை. அன்றாட அளவுகோல் பேச்சு: நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. போர்க் அளவில் 11 முதல் 13. தம்பதி சேர்ந்தே நடந்ததால் பேச்சுக்குப் பஞ்சமில்லை. கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்னது மட்டும் கணவருக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் வாரத்துக்குள் தலைசுற்றலும் மாலை அசதியும் போய்விட்டன.

எட்டாவது வாரம்

இங்கே நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. அசதியைப் பற்றி முன்பே கேட்டிருந்த மருத்துவர், அட்டெனலாலைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, நாடியைத் தொடாத வேறு வகை ரத்த அழுத்த மருந்துக்கு மாற்றினார். அதை எனக்குச் சொல்ல வேண்டும் என்று கணவருக்குத் தோன்றவில்லை. மறுவாரம் பதறிக்கொண்டு அழைத்தார். கடிகாரத்தை மீண்டும் கட்டியிருக்கிறார். "அதே நடைதான் சார். முன்பெல்லாம் 100 தாண்டாது. இப்போது 124 காட்டுகிறது. கெட்டுப்போய்விட்டேனா?"

இம்முறை முதல் கேள்வியே மாத்திரை பற்றியதுதான். பேச முடிகிறதா என்றும் கேட்டேன். முன்பைவிட எளிதாகவே பேச முடிகிறது என்றார். பேச்சை அளவுகோலாக வைத்திருந்ததால் பயிற்சியில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. நாடி இலக்கைக் கொடுத்திருந்தால், அன்றிலிருந்து அவர் ஆமை வேகத்தில் நடந்துகொண்டிருப்பார்.

பன்னிரண்டாவது வாரம்

மறு சோதனை. அதே தரை, அதே காலை நேரம், எடை 76 கிலோ. ஒரு மைல் 15 நிமிடம் 20 நொடி, நாடி 128. சூத்திரத்தில் போட்டால் 35.3.

அதாவது பென்சிலால் எழுதிய 34.9இலிருந்து 0.4 முன்னேற்றம். பன்னிரண்டு வாரம் உழைத்தவருக்குக் கூலி அரைப் புள்ளிக்கும் குறைவு. எண்ணை மட்டும் பார்ப்பவர் 'பயிற்சி பலிக்கவில்லை' என்றே எழுதுவார். ஆனால் அதே தூரத்தை 70 நொடி முன்னதாக முடித்திருக்கிறார். முடித்த இடத்தில் நின்று, சுவரைத் தேடாமல், நேரம் எவ்வளவு என்று வாய்விட்டுக் கேட்டார். முதல் எண் மருந்தோடு சேர்ந்து ஊதிப்போன எண். இரண்டாவது ஊதாத எண். இரண்டையும் கழித்து முன்னேற்றம் கணக்கிட வழியே இல்லை. இதை அவருக்கு விளக்கிச் சொன்னேன். அவருக்குச் சற்று ஏமாற்றம்தான். 35.3ஐப் புதிய தொடக்கமாகப் பேனாவால் எழுதினேன். அடுத்த ஒப்பீடு இதிலிருந்து.

மனைவி 14 நிமிடம் 40 நொடியில் முடித்தார்.

மாற்றிக்கொண்டவை

படிவத்தில் நோயைப் பற்றிய கேள்வி அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே இன்னொன்றைச் சேர்த்திருக்கிறேன்: "தினமும் போடும் மாத்திரை, சொட்டு மருந்து, ஊசி எல்லாவற்றையும் எழுதுங்கள். முடிந்தால் அட்டைகளைக் கொண்டு வாருங்கள்." சொட்டு மருந்து எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கண் அழுத்த நோய்க்குக் கொடுக்கும் டிமோலால் சொட்டும் பீட்டா பிளாக்கர்தான். கண்ணில் விட்டாலும் ஓரளவு ரத்தத்தில் கலந்து நாடியைக் குறைக்கும்.

நாடியை எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் சிரமத்தை எழுத ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். இரண்டும் முரண்பட்டால் கணக்கே போடுவதில்லை. தாளம் தவறி ஐந்து நொடிக்குள் திரும்பாவிட்டால் சோதனையை நிறுத்திவிடுகிறேன். நிறுத்திய சோதனைக்கு எண் கிடையாது. ஐம்பதைத் தாண்டிய, பயிற்சியற்ற எவரையும் 41 சென்டிமீட்டர் பலகையில் ஏற்றுவதில்லை. முதலில் நடை, இடம் இல்லாவிட்டால் இடம் கிடைக்கும் நாளுக்குத் தள்ளிவைக்கிறேன்.

அவருடைய பழைய அட்டையைக் கோப்பிலேயே வைத்திருக்கிறேன். 60.9ஐ ஒற்றைக் கோட்டால் அடித்து, 'மிகச் சிறப்பு' என்பதன் கீழே மனைவி அன்று சொன்ன மாடிக் கணக்கை அவர் வார்த்தையிலேயே எழுதியிருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்குப் படிச் சோதனை சொல்லிக்கொடுக்கும்போது அந்த அட்டையைத்தான் முதலில் நீட்டுகிறேன்.